சகலை வீட்டு மெஷினும் என் வீட்டு மெஷினும்

ஏப்ரல் 27, ஞாயிறு

முருங்கைக்காய் வாங்கப் போனவன் கேம் மெஷினோடு வீடு திரும்பியிருக்கிறேன். யாரிடமும் சொல்லி ஆறுதல் தேட முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இன்று எங்கள் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். காணிக்கையாக வந்த தேங்காய், சேவல், வாழைத்தார், பூசணி, முருங்கைக்காய் எல்லாவற்றையும் உபதேசியார் மோசே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிப்பார், நாங்கள் விலை கேட்போம். இந்த ஏலத்தில் பொருளுக்கு யாரும் விலை கேட்பதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்டதற்கு மேலே கேட்பதுதான் கணக்கு. போன வருஷம் ஒரு சுரைக்காய் ஆட்டுக்கிடா விலைக்குப் போனது. எடுத்தவருக்கு அதைச் சமைக்க மனசு வரவில்லை. ஷோகேஸில் வைத்தார், அங்கேயே அழுகியது. அவர் யார் என்று எழுதுவது நாகரிகமல்ல. சபைச் செயலாளரின் மைத்துனர்.

பெங்களூரில் குடியேறிய ஒரு குடும்பம், மகனுக்கு விசா கிடைத்ததற்கு நன்றியாகப் பிரிக்காத பெட்டி ஒன்றை வைத்திருந்தது. மோசே அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது ஒரு விளையாட்டு மெஷினு. கையிலயும் வச்சு விளையாடலாம், டிவியிலயும் மாட்டலாமாம்" என்றார். சேவலுக்குக் கிடைத்த மரியாதைகூட அதற்குக் கிடைக்கவில்லை. சபை தண்ணீர் குடிக்க எழுந்தது.

அப்போது முன் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. என் சகலை எட்வின் ராஜசிங்கின் கை. என் மனைவி ஜெயசீலியின் அக்கா பியூலாவைக் கட்டியவர், சிமெண்ட் ஏஜென்சிக்காரர். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு கேம் மெஷின் இருக்கிறது. கறுப்பாக, கனமாக, பேங்க் லாக்கரைப் பிடுங்கி வந்த மாதிரி இருக்கும். அதில்தான் என் மகள் கெசியா தினமும் விளையாடுகிறாள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த நாளிலிருந்து ஐந்து மணிக்கு சைக்கிளை எடுக்கிறாள், ஒன்பது மணிக்கு அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருகிறாள். இங்கே தோசை மாவு தன்பாட்டுக்குப் புளிக்கிறது.

"சகல, வீட்லதான் பெருசே கெடக்கே. இது எதுக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

"கெசியாவுக்குத்தான் வே. போற எடத்துக்கெல்லாம் கொண்டு போயி விளையாடட்டும்."

அதற்குப் பிறகு என் வலது கை என்னிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் கேட்டார், நான் கேட்டேன், அவர் கேட்டார், நான் கேட்டேன். தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். "சற்குணம் அண்ணன், மூணு தரம்" என்று மோசே முடித்தபோதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. எந்த விலைக்கு என்று இங்கே எழுதமாட்டேன். இந்த டைரி ஒருநாள் ஜெயசீலி கையில் சிக்கலாம்.

வாசலில் எட்வின் காத்திருந்தார். "ஜெயிச்சிட்டீரு. ஆனா அது பவர் கம்மி, பாத்துக்கிடும்."

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பவர் குறைந்திருக்கிறது என்று சொன்னால் எங்கள் கடையில் ஆட்கள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போவார்கள். இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

முருங்கைக்காயையும் அவர்தான் எடுத்தார்.


ஏப்ரல் 28, திங்கள்

பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு சின்னத் திரை. அதன் இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு துண்டுகள், ஆளுக்கொன்றாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு விளையாடலாம். டிவியோடு சேர்ப்பதற்கு ஒரு தொட்டில்.

கெசியா சைக்கிள் சாவியோடு வந்து நின்று பார்த்தாள். "அப்பா, இதுக்கா பெரியப்பாகூட மல்லுக்கட்டுனீங்க?"

"ஏன், இதுக்கு என்ன?"

"பெரியப்பா வீட்டுது செகண்டுக்கு அறுபது பிரேம் படம் ஓடும். இது பல கேம்ல முப்பதுதான்."

முப்பது பிரேம் என் கடையில் ஒரே ஒரு தட்டில் அடங்கும் என்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். என் நகைச்சுவையை இப்படித் தாங்கிக்கொள்ளும் வித்தையை அம்மாவிடமிருந்து கற்றிருக்கிறாள்.

டிவியில் போட்டுக் காட்டுகிறேன் பார் என்று தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் டிவியின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று உருண்டை ஓட்டைகள். வயரின் முனையோ தட்டை. நான் முதுகு நிமிர்வதற்குள் வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் எடுக்கும் சத்தம்.


ஏப்ரல் 30, புதன்

மாவைக் கொட்டினேன்.


மே 3, சனி

இன்று கடைக்கு வந்தவர்களிடம் கண்ணை விட்டுவிட்டு கேம் மெஷினைப் பற்றியே விசாரித்தேன். பொறியியல் படிக்கும் ஒரு பையன் கண்ணாடிக்கு அளவு கொடுத்துக்கொண்டே விளக்கினான். பெரிய மெஷின்களுக்கு என்னென்னவோ கணக்கில் வேகம் உண்டாம், நம்முடையது அதில் ஒரு மூலைக்குக் காணாதாம். "ஆனா அங்கிள், ரெண்டும் வேற வேற. இதக் கையில தூக்கிட்டுப் போலாம், அதத் தூக்க முடியாது. ஸ்கூட்டியும் லாரியும் ரேஸ் விட முடியுமா?"

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனுக்குக் கண்ணாடி உறை இனாமாகக் கொடுத்தேன். இரவு கெசியாவிடம் என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டேன்.

"லாரியில ஏசி இருக்குப்பா" என்றாள்.


மே 5, திங்கள்

உருண்டை ஓட்டையையும் தட்டை வயரையும் சமாதானப்படுத்துகிற ஒரு டப்பாவை எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினேன். படம் வந்தது. கார்கள் பந்தை முட்டி கோல் போடுகிற ஒரு விளையாட்டு. ஆனால் டிவி பழைய சதுர டிவி, படமோ அகலப் படம். எல்லாக் காரும் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு நிமிர்ந்து நின்றன, பேருந்தில் நடுவில் மாட்டிக்கொண்ட பயணிகள் மாதிரி.

கெசியா சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிராக ஓர் ஆட்டம் ஆடினாள்.

"இதே கேம் அங்கயும் இருக்குப்பா. நெட்டு இருந்தா இதுல ஒருத்தரும் அதுல ஒருத்தரும் சேந்தே விளையாடலாம்."

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?"

"அங்க புல்லு தனித்தனியாத் தெரியும். இங்க பச்சையாத் தெரியும், அவ்வளவுதான்."

"கோல் போட புல்லு எதுக்கு?"

வெற்றி என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். திரும்பி வந்தபோது என் கார் மட்டும் மைதானத்தில் நின்றது. ஃபேனை அணைத்துவிட்டுப் போயிருந்தாள். கரண்டை மிச்சப்படுத்துகிற பெண், அந்த அளவுக்கு நல்ல வளர்ப்பு.


மே 8, வியாழன்

ரிசல்ட். நல்ல மார்க். முதலில் பெரியப்பாவிடம் சொன்னாளாம், அங்கே வைஃபை இருக்கிறதாம். எனக்கு எட்வின் போனில் சொன்னார். கேக்கும் அவரே வாங்கியிருந்தார். கேக் ரொம்ப இனிப்பு.


மே 9, வெள்ளி

ஜெயசீலி மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளிக்கிழமை விடுமுறை, சாயங்காலம் வீடியோவில் வருவாள்.

"ஏங்க, சபை வாட்ஸ்அப்ல ஒங்க போட்டோ வந்திருக்கு. பெட்டியத் தூக்கிட்டு நிக்கிய. கோழி திருடி மாட்டுன ஆளு மாதிரி."

"காணிக்கைதானே, நல்ல காரியம்."

"எவ்வளவு?"

"இங்க சிக்னல் சரியில்ல."

"மஸ்கட்ல நல்லாத்தான் இருக்கு." சிரித்துவிட்டு, "கெசியா எங்க?" என்றாள்.

"ஒங்க அக்கா வீட்ல. வேற எங்க? நீதான் சொல்லணும். வீட்லயே மெஷின் வாங்கிப் போட்டாச்சு, தொட்டில் வாங்கியாச்சு, டப்பா வாங்கியாச்சு, இன்னும் அங்கதான் ஓடுதா."

"நீங்க எங்க இருக்கிய?"

"கடையில."

"அதான" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் ஒரு கஸ்டமர் வந்துவிட்டார், வெள்ளெழுத்து. விட்டுவிட்டேன்.


மே 13, செவ்வாய்

எதிரியின் கோட்டையை நேரில் பார்த்து வருவது என்று முடிவு செய்தேன். கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு, பியூலா மதினியின் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

ஹாலில் ஏசி. கதவு அகலத்துக்கு டிவி. அதில் உண்மையாகவே புல் தனித்தனியாகத் தெரிகிறது, காற்றில் ஆடவும் செய்கிறது. எட்வினும் கெசியாவும் சோபாவில். எட்வின் பனியனோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கன்ட்ரோலரைக் கார் ஸ்டீயரிங் மாதிரி திருப்புகிறார். ஆனால் திரையில் அவர் கார் சுவரில் மோதிக்கொண்டே நிற்கிறது.

"பெரியப்பா, ரிவர்ஸ் எடுங்க."

"எடுத்துட்டுத்தான் இருக்கேன்மா."

"அது ஹாரன் பெரியப்பா."

இவ்வளவு சக்தியுள்ள மெஷினை இவ்வளவு மோசமாக ஓட்ட முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்த வகையில் போய் வந்தது பிரயோஜனம்.

மதினி முந்திரிக்கொத்து கொண்டுவந்தார். "சாப்பிடுங்க தம்பி. இவரு இந்த மெசின தொட்டதே கெசியா வந்த பெறகுதான். அதுவரைக்கும் தூசிதான் படிஞ்சு கெடந்துச்சு."

"பின்ன எதுக்கு வாங்குனீரு சகல?"

"நான் எங்க வாங்குனேன்? பயலுவ கனடாவுல இருந்து வந்தப்ப வச்சிட்டுப் போனானுவ. 'அப்பா, நாங்க அங்கருந்து ஆன்லைன்ல வாரோம், சேந்து வெளையாடுவோம்'னானுவ."

"வந்தானுவளா?"

"நமக்கும் அவனுவளுக்கும் டைம் ஒத்து வரல்ல." கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே சொன்னார். கார் மறுபடி சுவரில் மோதியது.

அந்த ஏசியில் மனுஷன் உட்கார முடியாது. கால் விறைத்துவிட்டது. சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன்.


மே 21, புதன்

கெசியாவுக்குச் சென்னைக் கல்லூரியில் நாளை நேர்காணல். பகல் ரயிலில் போகிறோம். எங்களுக்கும் எதிர் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற பலகையில் நம் மெஷினை நிறுத்தி, ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டோம். கோவில்பட்டி வருவதற்குள் நான் எட்டு கோல் வாங்கியிருந்தேன், ஆனால் பெருமிதத்துக்குக் குறைவில்லை. எட்வின் தன் லாக்கரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறட்டும் பார்க்கலாம்.

எதிர் சீட்டு அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெத்த அப்பனே பிள்ளைக்கு விளையாட்டு சொல்லிக் குடுக்கீங்க" என்றாள்.

"நான் எங்கம்மா சொல்லிக் குடுக்கேன், அவதான் எனக்கு" என்றேன்.

"அதுவும் வரல்லையே" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

திருச்சி தாண்டியதும் சார்ஜ் தீர்ந்தது. பிளக்கில் அந்த அம்மாளின் போன். பிடுங்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மெஷின் கறுத்துப் போனது. இரண்டு பேரும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சும்மா இருக்க முடியாமல் நான்தான் ஆரம்பித்தேன். "இப்ப சொல்லு. இதுல என்ன கொறச்சல்? எதுக்கு தினமும் அங்க ஓடுத?"

"அப்பா, நீங்க வீட்டுக்கு எத்தன மணிக்கு வருவீங்க?"

"எட்டரை. ஒம்பது."

"அஞ்சுல இருந்து ஒம்பது வரைக்கும் நான் யார்கூட இருக்கது? மாவுகூடயா?"

எதிர் சீட்டு அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல மாதிரி.

"பெரியப்பாவுக்கு விளையாடவே தெரியாதுப்பா. கேமுக்காகவா போறேன்? அங்க ஆளு இருக்கு. சத்தம் இருக்கு. அவ்வளவுதான்."

நான் பையில் சார்ஜரைத் தேடினேன். சார்ஜர் கையிலேயே இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் தேடினேன்.


மே 26, திங்கள்

பாளையங்கோட்டைக்காரர்களின் கண்பார்வை திடீரென்று தெளிந்துவிட்டது. ஐந்து மணிக்கு மேல் ஒருவருக்கும் கண்ணாடி தேவைப்படுவதில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாத்தியார் பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, "என்னய்யா, யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். காலையில் வரச் சொன்னேன்.

வீட்டில் கெசியா கையில் சைக்கிள் சாவியோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள்.

பதினொரு கோல் வாங்கினேன். தோசை நல்ல ருசி.


ஜூன் 4, புதன்

ஒரு கோல் போட்டேன். பந்து என் பின்புறத்தில் பட்டுத் தானாக உள்ளே போனதாக ஒரு கட்சி சொல்கிறது. ஸ்கோர் போர்டு அப்படிச் சொல்லவில்லை.


ஜூன் 7, சனி

எட்வின் வீட்டுக்கு வந்தார். கையில் மதினி கொடுத்துவிட்ட மட்டன் குழம்பு. "பத்து நாளா பிள்ளையக் காணோம்னா. அதான்."

உட்காரச் சொன்னேன். எங்கள் டிவியை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "என்ன சகல, காரு எல்லாம் நட்டமா நிக்கி?"

"ரோடு கூட்டம்."

"நம்ம வீட்லதான் அம்மாம் பெரிய டிவி சும்மா கெடக்கே. அங்க வந்து மூணு பேரும்..."

"இதுவே போதும் சகல. எங்களுக்குப் புல்லு வேண்டாம்."

கெசியா என்னை முழங்கையால் இடித்தாள். எட்வின், "சரி, நானும் ஒரு ஆட்டம்" என்றார். இருப்பது இரண்டு துண்டு. என்னுடையதை நான் கொடுக்கவில்லை. கெசியா தன்னுடையதைக் கொடுக்கப் போனாள், "இல்லம்மா, நீ ஆடு, நான் பாக்கேன்" என்று அவரே தடுத்துவிட்டார். முழுசாக ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். நடுவில் ஒருதரம், "ரிவர்ஸ் எடும் வே" என்று எனக்கு யோசனை சொன்னார். அவர்.

மொத்தத்தில் இன்று நம் மெஷின் வென்றது. அதை இங்கே பதிவு செய்கிறேன். கிளம்பும்போது அவர் ஸ்கூட்டர் வாசலில் ரொம்ப நேரம் நின்றது. ஸ்டார்ட் ஆவதில் அதற்கு ஒரு கோளாறும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.

குழம்பு நன்றாக இருந்தது. அதுவும் சேர்ந்து எரிச்சல்.


ஜூன் 19, வியாழன்

சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இந்தத் தடவை முதலில் என்னிடம் சொன்னாள்.


ஜூன் 29, ஞாயிறு

பெட்டி கட்டினோம். வாளி, மக், தலையணை உறை, ஊறுகாய் எல்லாம் எடுத்து வைத்த பிறகு, மேலே சுடிதார்களுக்கு நடுவில், அவள் மெஷினைச் சுருட்டி வைத்தாள்.

"இது எங்க போகுது?"

"ஹாஸ்டலுக்கு. டிவி கூடாதாம். இது கையில வைக்கதுதான, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அப்போ இங்க?"

"நீங்கதானப்பா சொன்னீங்க, எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போலாம், அதான் இதோட பெருமைன்னு."

இரண்டு மாதமாக ஊர் முழுக்க நான் பரப்பிய வாதம் இது. பொறியியல் பையன் சொன்னதை உபதேசியார் வரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை. எட்வினுடைய லாக்கரை எந்தப் பெண்ணாலும் சுடிதாருக்கு நடுவில் சுருட்ட முடியாது.

"எடுத்துட்டுப் போ" என்றேன். தொட்டிலையும் டப்பாவையும் விட்டுவிட்டுப் போகிறாளாம். எனக்கு உபயோகப்படுமாம்.


ஜூலை 3, வியாழன்

ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். அழவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கேட் வரைக்கும்.


ஜூலை 7, திங்கள்

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு மறுபடி பார்வை மங்கிவிட்டது. ஒன்பது மணி வரை கடை திறந்திருக்கிறது.


ஜூலை 11, வெள்ளி

ஜெயசீலி கேட்டாள், "கடையிலயா இருக்கிய?" ஆமாம் என்றேன். இந்தத் தடவை 'அதான' என்று சொல்லவில்லை. சாப்பிட்டேனா என்று மட்டும் கேட்டாள். டிசம்பரில் பத்து நாள் கூடுதலாக லீவு கேட்டிருக்கிறாளாம்.


ஜூலை 17, வியாழன்

எட்வின் கடைக்கு வந்தார். கண்ணைப் பார்க்க வேண்டுமாம். நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன். மேலிருந்து கீழே கடைசி வரி வரை, கம்பெனி பேர் போட்டிருக்கிற பொடி எழுத்து உட்பட, வாசித்து முடித்தார்.

"ஒமக்குக் கண்ணு கழுகு மாதிரி இருக்கு. எதுக்கு வே வந்தீரு?"

"சும்மாதான்." எழுந்திருக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு பிரேமை எடுத்து மாட்டிப் பார்த்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். "நான் அந்த ஏலத்துல வேணும்னுதான் விட்டுக் குடுத்தேன், தெரியுமா?"

"பொய் சொல்லாதீரும்."

"சரி, இல்ல. பியூலா சட்டையப் புடிச்சு இழுத்துட்டா." கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை பேசுச்சா?"

"நேத்துப் பேசுனா."

"எங்கிட்ட ஞாயித்துக்கெழமை பேசுனா. சாயங்காலம் ஹாஸ்டல் வராண்டாவுல நெட்டு கெடைக்குமாம். அங்கருந்தே விளையாடலாமாம். எனக்கு ஒத்தயில ஆடத் தெரியாது சகல. நம்ம வீட்ல ரெண்டு கன்ட்ரோலர் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.


ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே எட்வின் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று எழுதினால் மானம் போகும். நடுவில் வீட்டுக்கு வந்து சட்டை மாற்றினேன். கெசியா ஆட்டத்துக்கு வருவது சாயங்காலம்தான் என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகே உறைத்தது. மதியச் சாப்பாடு, தூக்கம், காபி எல்லாம் அங்கேயே.

ஐந்தரை மணிக்கு, அதே சோபா, அதே ஏசி. எட்வின் பனியனோடு. எனக்கு மதினி ஒரு சால்வை கொடுத்தார். நானும் அவரும் ஒரு கட்சி, கெசியா தனிக் கட்சி. போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயில் வைத்திருந்தோம். ஊரிலேயே சக்திவாய்ந்த மெஷின், கதவகல டிவி, வயதைச் சேர்த்துப் பார்த்தால் நூறைத் தாண்டுகிற இரண்டு ஆண்கள். எதிர்ப்பக்கம், வராண்டாத் தரையில் உட்கார்ந்து கையகலத் திரையை வைத்திருக்கும் ஒரு பெண்.

முதல் கோல் நாங்கள் சரியாகப் பிடித்துக்கொள்வதற்குள் விழுந்தது. அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

"பெரியப்பா, இடது பக்கம் வாங்க. அப்பா, அது என் கோலு இல்ல, ஒங்க கோலு. அங்க அடிக்கக் கூடாது."

"ஒங்கப்பன் குறுக்க வந்து கெடுத்துட்டாரும்மா" என்று எட்வின் என்மேல் பழி போட்டார்.

"குறுக்க நீரு வந்தீரா நான் வந்தனா? நான் பந்துக்குப் போறேன், நீரு ஹாரன் அடிக்கீரு."

"ஹாரன் அடிச்சாத்தான வழி விடுவீரு?"

மதினி கதவருகில் நின்று, "வெக்கமா இல்லையா, அவ ஒத்தயில ஆடுதா, நீங்க ரெண்டு தடியனுவ" என்றார். போனில் கெசியா மூச்சு வாங்கச் சிரிப்பது கேட்டது. பின்னாலேயே வேறு பெண்களின் சத்தம், யாரோ அவளை 'கெஸ்' என்று கூப்பிடுகிறார்கள். கெஸ். இருக்கட்டும்.

"ஒரு நிமிசம்பா, வார்டன் கூப்பிடுறாங்க. இருங்க, போயிராதீங்க" என்றாள். போன் கட்டாகிவிட்டது. அவள் கார் மைதானத்தின் நடுவில் அசையாமல் நின்றது. கோலில் யாரும் இல்லை. பந்து எட்வின் காரின் மூக்குக்கு நேராகக் கிடந்தது.

"சகல, ஆளில்ல" என்றார் எட்வின் மெதுவாக. "அடிச்சிரவா?"

"அடியும்."

அவர் அடிக்கவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்தார். நான் என் காரை எப்படியோ திருப்பிக் கொண்டுபோய், இரண்டு தடவை சுவரில் இடித்து, அவள் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். எட்வினும் தட்டுத் தடுமாறி வந்து மறுபக்கம் நிறுத்தினார். சுற்றிலும் புல் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

மதினி காபி தம்ளர்களை எடுக்க வந்தார். கதவகலத் திரையில் மூன்று கார்கள் சும்மா நிற்பதைப் பார்த்தார்.

"என்ன, மெசின் நின்னு போச்சா?"

"இல்ல பியூலா" என்றார் எட்வின். "பிள்ளை வரட்டும்னு நிக்கோம்."